அம்மாவின் முழங்கால் எத்தனை அங்குலம்?

வாசகி ஒருவரின் கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாத்தா காலத்து வீடு எங்களுடையது. 1962-இல் கட்டியது. கொல்லைப் பக்கம் ஒரே ஒரு கழிப்பறை, இண்டியன் டைப், இரண்டு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அம்மாவுக்கு 71 வயது, உயரம் நாலடி பத்து அங்குலம். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, சுவரைப் பிடித்து அழுதுவிடுகிறார். பிளம்பர், 'பழைய பேசினை (குத்துக்காலிடும் பீங்கானை) உடைக்க வேண்டாம், அதன் மேலேயே கமோடை வைத்துவிடலாம், ஒரு நாள் வேலை' என்கிறார். கடைக்காரர் 19 அங்குல உயரத்தில் ஒரு மாடல் காட்டி, வயதானவர்களுக்கு என்றே செய்தது என்கிறார். இன்னொரு கடையில் சுவரில் தொங்கும் மாடல்தான் நல்லது என்கிறார்கள். இதற்கு நடுவில் அப்பா (76), 'எனக்குக் குத்துக்காலிட்டால்தான் போகும், அதில் கை வைக்காதீர்கள்' என்று பிடிவாதம். பக்கத்திலேயே 6 அடிக்கு 5 அடியில் குளியலறை தனியாக இருக்கிறது. அதன் பின்சுவருக்கு வெளியே செப்டிக் டேங்குக்குப் போகும் சேம்பர் (கழிவுக் குழாய் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அப்பா சொல்வதுதான் சரி, அதில் கை வைக்காதீர்கள். பாதிச் சண்டை இதிலேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் நான் அப்படிச் சொல்வது அவருக்காக மட்டுமில்லை.

உங்கள் பிளம்பர் சொன்ன ஒரு நாள் வேலையிலிருந்து தொடங்குகிறேன். இண்டியன் பேசினுக்கு அடியில் தரைக்குள் ஒரு ட்ராப் இருக்கும். வளைந்த குழாய், அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்று நாற்றத்தையும் பூச்சியையும் மேலே வரவிடாமல் தடுக்கும். வெஸ்டர்ன் கமோடுக்கு அந்த வளைவு அதன் பீங்கானுக்குள்ளேயே இருக்கிறது. பழைய பேசினை எடுக்காமல் மேலேயே கமோடை உட்கார வைத்தால், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ட்ராப் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். பிளஷ் பண்ணினால் தண்ணீர் மேலே ஏறி, யோசித்து யோசித்து இறங்கும். முதல் மாதம் பிளஷ் டேங்கைக் குறை சொல்வீர்கள், இரண்டாவது மாதம் கமோடு கம்பெனியைத் திட்டுவீர்கள், மூன்றாவது மாதம் அடைப்பு எடுக்க ஆள் கூப்பிடுவீர்கள். அங்கேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேசினையும் ட்ராப்பையும் தோண்டி எடுத்துவிட்டு, குழாயின் வாயைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது ஒரு நாள் வேலை கிடையாது. வீட்டில் இருப்பதே ஒரு கழிப்பறை என்றால், அத்தனை நாளும் எல்லோரும் எங்கே போவது?

அப்புறம் அந்த இரண்டு படி. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் கழிப்பறை ஏன் உயரத்தில் இருக்கிறது என்று யாரும் இப்போது கேட்பதில்லை. முதலில் அவை எடுப்புக் கக்கூஸ். மேடைக்கு அடியில் வாளியோ தட்டோ இருக்கும், பின்பக்கச் சந்து வழியாக ஒரு மனிதர் வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த அவமானத்தைச் சட்டம் தடை செய்தது 1993-இல்தான். அதற்கு முன்பும் பின்பும் வீட்டுக்காரர்கள் செப்டிக் டேங்குக்கு மாறியபோது, மேடையை இடிக்காமல் அதிலேயே பேசினைப் பதித்துவிட்டார்கள். மேடை இல்லாத வீடுகளிலும், டேங்குக்கு வாட்டம், அதாவது சரிவு, கிடைக்கட்டும் என்று தரையை உயர்த்தியிருப்பார்கள். உங்கள் வீட்டில் எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. எதுவானாலும் அந்தப் படி அங்கேயேதான் இருக்கப்போகிறது. மூட்டுத் தேய்ந்தவருக்கு உட்கார்ந்து எழுவது எவ்வளவு கஷ்டமோ, ராத்திரி இரண்டு மணிக்கு ஈரக்காலோடு படி இறங்குவதும் அவ்வளவு கஷ்டம். உயரமான கமோடை அந்த மேடைமேல் வைத்தால் அம்மாவின் பிரச்சினையில் பாதிதான் தீரும்.

அதனால் என் யோசனை, புதுக் கமோடைக் குளியலறையில் வையுங்கள். கழிப்பறை அப்பாவுக்கு, இருக்கிறபடியே இருக்கட்டும்.

6 அடிக்கு 5 அடி இதற்குப் போதும். கமோடு சுமார் 14 அங்குல அகலம், 26 முதல் 28 அங்குல நீளம் பிடிக்கும். உட்காரும் இடத்தின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் 15 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும், முன்னால் இரண்டடி காலியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, இன்னொரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். பின்னாளில் யாராவது பக்கத்தில் நின்று தூக்கிவிட வேண்டி வந்தால் அந்த இடம் தேவைப்படும். குளிக்கிற இடம் வாசல் பக்கம் வரக் கூடாது, தண்ணீர் கமோடின் அடியில் வந்து தேங்கவும் கூடாது. குளிக்கும் பக்கம் வாட்டம் இல்லையென்றால் இந்த வேலையோடு அதையும் சரி செய்துகொள்ளுங்கள். வழவழ டைல்ஸ் இருந்தால் சொரசொரப்பானதாக மாற்ற இதுதான் நேரம்.

இந்த யோசனைக்கு உயிர் கொடுப்பது பின்சுவருக்கு வெளியே இருக்கும் அந்தச் சேம்பர். கமோடில் இரண்டு வகை உண்டு. எஸ் ட்ராப் என்றால் கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும். அதற்குச் சுவரிலிருந்து தரை ஓட்டையின் நடு வரைக்கும் தூரம் அளந்து, 4 அங்குலமா, 9-ஆ, 12-ஆ என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அளக்காமல் வாங்கிவிட்டுக் கடைக்குத் திரும்ப ஓடுபவர்கள் நிறைய. பி ட்ராப் என்றால் கழிவு பின்பக்கமாக, தரையிலிருந்து சுமார் 7 அங்குல உயரத்தில், சுவர் வழியாக வெளியே போய்விடும். உங்களுக்கு பி ட்ராப். தரையைத் தோண்டவே வேண்டாம். சுவரில் ஒரு துளை, வெளியே 110 மில்லிமீட்டர் குழாய், நேரே சேம்பர். பத்தடி ஓட்டத்துக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் சரிவு கொடுத்தால் போதும். ஏற்கெனவே 7 அங்குல உயரத்தில் வெளியே வருவதால் அந்தச் சரிவு சிரமமில்லாமல் கிடைத்துவிடும்.

துளையை உளியும் சுத்தியலும் வைத்துப் போட விடாதீர்கள். 1962 வீடு என்றால் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருக்கலாம். நாலங்குல ஓட்டைக்கு அடிக்கத் தொடங்கினால் ஒன்றரை அடி கல் பெயர்ந்து வரும். கோர் கட்டிங் மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட்டால் வட்டமாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு எச்சரிக்கை. குளியலறைத் தண்ணீர் இப்போது வாழைக்கோ தெருச் சாக்கடைக்கோ போய்க்கொண்டிருக்கும். வெளியே பக்கத்திலேயே அந்தக் குழாய் தெரியும், இணைப்பதும் சுலபம். சோம்பல்பட்ட பிளம்பர் கமோடை அதில் சேர்த்துவிட்டுப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள். கமோடுக் குழாய் செப்டிக் டேங்குக்கு மட்டும். குளிக்கிற தண்ணீரையும் டேங்குக்குள் விடாதீர்கள். சோப்புத் தண்ணீர் குடம் குடமாகப் போனால் டேங்கில் கழிவு படிந்து மக்க நேரம் இருக்காது.

சரி, உயரம். கடைக்காரர் காட்டிய 19 அங்குலத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-இல் வந்தது. அதன்கீழ் பொது இடக் கழிப்பறைகளுக்கு வகுத்த அளவில், சீட்டின் மேல்பகுதி தரையிலிருந்து 17 முதல் 19 அங்குலம் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்கார அந்த உயரம் தோது. பிறகு அதே அளவை 'கம்ஃபர்ட் ஹைட்' என்று பெயர் சூட்டி வீடுகளுக்கும் விற்றார்கள். அங்கே ஆறடி மனிதருக்கு அது நாற்காலி மாதிரிதான். உங்கள் அம்மாவோ நாலடி பத்து.

இதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். பல வருஷம் முன்னால் திருவையாறு பக்கம் ஒரு பாட்டிக்கு, உயரம் கூடினால் சௌகரியம் கூடும் என்று நினைத்து, இருப்பதிலேயே உயரமானதை வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பாட்டி கட்டைவிரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். தொடைக்கு அடியில் மரத்துப்போகிறது, முக்குவதற்குக் கால் ஊன்றவில்லை, மலச்சிக்கல் வேறு சேர்ந்துகொண்டது. 'ஊஞ்சல் மாதிரி இருக்குப்பா' என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலுக்கு ஒரு மரப்பலகை செய்து வைத்தோம். இறங்கும்போது அதில் தடுக்கும் என்று அதையும் எடுத்துவிட்டோம். கடைசியில் என் செலவில் வேறு கமோடு மாற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கடைக்குப் போகும் முன் முழங்காலை அளக்கிறேன். அம்மாவைச் செருப்பில்லாமல் ஒரு நாற்காலியில், பாதம் முழுக்கத் தரையில் படும்படி உட்கார வையுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை டேப்பால் அளவெடுங்கள். அவர் உயரத்துக்கு அது 14, 15 அங்குலம் வரும் என்று நினைக்கிறேன். சீட்டின் மேல்பகுதி அதைவிட ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் உயரமாக இருந்தால் எழுந்திருக்கும்போது முழங்காலில் பாரம் குறையும், பாதமும் தரையை விட்டு எழும்பாது. அப்படிப் பார்த்தால் அவருக்கு வேண்டியது 16, 16½ அங்குலம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கமோடின் பீங்கான் விளிம்பு 15½ அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதன்மேல் சீட் ஓர் அங்குலம். ஆக, தனி விலை கொடுத்து உயரமான மாடல் வாங்கவே வேண்டியிருக்காது. கேட்டலாக்கில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் சீட் இல்லாத அளவு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

டேப் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். மெடிக்கல் சாமான் கடைகளில் கமோடு நாற்காலி கிடைக்கும், அலுமினியக் கால், பொத்தானை அழுத்தி உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை. அதை இன்றைக்கே வாங்குங்கள். வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. வேலை முடியும் வரை அம்மா அழாமல் இருக்க அது ஒரு வழி. இரண்டாவதாக, அதுதான் உங்கள் அளவுகோல். இரண்டு நாள் ஓர் உயரத்தில், இன்னும் இரண்டு நாள் அடுத்த துளையில் என்று வைத்துப் பாருங்கள். எந்த உயரத்தில் அம்மா கை ஊன்றாமல், அல்லது குறைவாக ஊன்றி எழுகிறாரோ, அந்த அளவை எழுதி வையுங்கள். டாக்டர் அறுவை சிகிச்சை பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், இந்த உயரத்தை அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டிலும் வேலை நடந்தவர்களுக்குத் தாழ்ந்த சீட் ஆகாது.

ஒரு அங்குலமோ ஒன்றரையோ குறைந்தால் கமோடுக்கு அடியில் ஒரு கிரானைட் பலகை போடலாம். அதைக் கமோடின் அடிப்பாகத்தின் வடிவத்திலேயே வெட்ட வேண்டும், வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் பாதம் அதன்மேல் ஏறிவிடும், உயர்த்தியதே வீண். பலகை போடுவதென்றால் சுவரில் துளை போடும் முன்பே முடிவு செய்யுங்கள், துளையும் அந்த அளவுக்கு மேலே போக வேண்டும்.

சுவரில் தொங்கும் மாடலின் நல்ல குணம், உயரத்தை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம், அடியில் கூட்டித் துடைக்கலாம். ஆனால் முழுப் பாரமும் சுவருக்குள் பதிக்கிற இரும்பு ஃப்ரேமில்தான். பழைய சுண்ணாம்புச் சுவரை நம்பி அதைச் செய்ய மாட்டேன். பிளஷ் டேங்கும் சுவருக்குள் மறைந்திருக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கு வேண்டாம்.

கமோடைத் தரையில் பொருத்தும்போது அடிமுழுக்கச் சிமெண்ட் கரைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்குரூ போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பூசினால் போதும். பின்பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் பூசாமல் விடச் சொல்லுங்கள். என்றைக்காவது கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். சிமெண்டில் புதைத்த கமோடைப் பின்னால் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும்.

கைப்பிடியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. என்னைக் கேட்டால் கமோடின் உயரத்தைவிட அதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். எழுந்திருக்கும்போது அம்மா இப்போது சுவரைத்தானே பிடிக்கிறார்? சுவரில் பிடிமானம் கிடையாது. சீட்டிலிருந்து எட்டு, பத்து அங்குலம் மேலே, ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலக் கனத்தில் ஸ்டீல் கம்பி, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. டவல் மாட்டுகிற கம்பியைப் போட்டு ஏமாற்ற விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் கட்டை அடித்து ஸ்குரூ போட்ட கைப்பிடி, நான் ஒரு தரம் இழுத்துப் பார்த்தபோது கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, இழுத்தது நான். சுவரில் ஓர் ஆணி அடித்துப் பாருங்கள், வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. அப்போது சுவரை முழுக்கத் துளைத்து, வெளிப்பக்கம் இரும்புத் தகடு வைத்து, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். திறந்திருக்கும் பக்கத்துக்கு, மடக்கி மேலே தூக்கிவிடுகிற கைப்பிடியோ தரையில் ஊன்றிய கைப்பிடியோ போடுங்கள். போட்ட பிறகு உங்கள் வீட்டிலேயே கனமான ஆளைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் வரும். தரையில் குத்துக்காலிட்டிருந்தபோது வாளி பக்கத்திலேயே இருந்தது. கமோடில் உட்கார்ந்தால் அதே வாளி எட்டாத பள்ளத்துக்குப் போய்விடும். செம்பில் தண்ணீர் மோக்கக் குனிந்து பக்கவாட்டில் விழுந்தவர்கள் உண்டு. ஹெல்த் ஃபாசெட் (கையில் பிடித்துப் பீச்சிக் கழுவும் குழாய்) போட்டால் வலது கை பக்கம் போடுங்கள், மேல் டேங்கிலிருந்து அழுத்தம் போதுமா என்று பாருங்கள். அம்மாவுக்கு அது பழக்கமாகும் வரை வாளியை ஓர் உயரமான ஸ்டூல்மேல் வைத்துக் கொடுங்கள்.

கதவு உள்பக்கம் திறக்கிறதா? அப்படியானால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கக் கதவை அவர்மேல் தள்ளித்தான் திறக்க வேண்டியிருக்கும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கிற வகையாக இருக்கட்டும். லைட் சுவிட்சு படுக்கையறைப் பக்கமே இருந்தால் உத்தமம்.

செப்டிக் டேங்கைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். இப்போதைய கமோடுகள் சின்னப் பொத்தானுக்கு 3 லிட்டர், பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர்தான் விடும், உங்கள் அப்பா ஊற்றும் வாளியைவிடக் குறைவு. கழுவ ஆசிட் ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள், டேங்குக்குள் வேலை செய்யும் கிருமிகள் செத்துப்போகும். டேங்கைச் சுத்தம் செய்து பல வருஷமாகிவிட்டது என்றால், இணைக்கும் முன் ஒரு தரம் லாரி வரவழைத்து உறிஞ்ச வையுங்கள். லாரிக்காரர் கூட ஒரு ஆளை உள்ளே இறக்கப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொன்றுவிடும்.

பிளம்பரைக் கூப்பிடும் முன் நீங்களே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல வெயில் நாளில் வெளிச் சேம்பரின் மூடியைத் திறக்கச் சொல்லி, மேல்மட்டத்திலிருந்து உள்ளே குழாய் ஓடும் இடம் வரை எவ்வளவு ஆழம் என்று ஒரு குச்சியை விட்டு அளந்து வையுங்கள். குளியலறைச் சுவரிலிருந்து அது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு அளவும் அம்மாவின் முழங்கால் அளவும் கையில் இருந்தால், எந்தக் கடைக்காரரும் உங்களிடம் 19 அங்குலம் விற்க முடியாது.